மசகு போட்ட பிரேக்

தனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று யாராவது மார்தட்டினால் நான் மறுத்துப் பேசுவதில்லை. "நிறுத்தத் தெரியுங்களா?" என்று மட்டும் கேட்பேன். நான் இப்படிக் கேட்டதுமே எங்கள் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விடுவார்கள். ஏன் போகிறார்கள் என்று வந்தவர்களுக்குப் புரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். (என் மானம் போய்விடுமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அது போய் வெகுகாலமாகிறது.)

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. இரண்டாவது பெரிய சண்டை ஆரம்பிக்க இன்னும் ஓரிரு வருடம் இருந்தது. மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையில் எங்களுக்கு வாழையும் கரும்பும் உண்டு. நான் சேலத்தில் கல்லூரிக்குப் போய், நான் படித்தது போதும் என்று பரீட்சை முடிவே சொல்லிவிட்டதால், ஊருக்குத் திரும்பி மீசை வளர்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்கே போய்விடுவதாகவும், அவருடைய பழைய பந்தயக் கார் விலைக்கு வருவதாகவும் கேள்விப்பட்டேன். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். (அம்மாவுக்குத் தெரியாமல் வாழைப்பழம் தின்றேன். அது கணக்கில் வராது.) எங்கய்யன் இறங்கி வந்தார். எங்கள் பக்கம் அப்பாவை ஐயன் என்போம்.

ஐயன் அந்தக் காரைச் சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரியே பிடித்தார். மூன்று சுற்றுச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார், மூக்கைத் தடவினார், எங்காவது கெட்ட சுழி இருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்த்தார். "முப்பது குதிரை பலம்" என்று துரையின் பட்லர் சொன்னதும் ஐயன் முகம் மாறியது. "அத்தனையும் ஒரே நேரத்துல தெறிச்சு ஓடுனா எப்படீங்க புடிச்சு நிறுத்தறது?" என்று கேட்டார். பட்லர் சிரித்தான், நானும் சிரித்தேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்களிலேயே ஐயன்தான் புத்திசாலி என்று பின்னால் தெரிந்தது.

கார் என்னமோ அற்புதமான கார்தான். நீண்ட மூக்கு, இரண்டே இரண்டு ஆசனம், புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கும். ஆனால் பிரேக் பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே உண்டு. மிதித்தால் கொஞ்சம் யோசிக்கும். யோசித்து முடிப்பதற்குள் ஊர் முடிந்துவிடும்.

இந்தக் காரில்தான் ஐயனையும் ஏற்றிக்கொண்டு நான் பெண் பார்க்கப் போனேன். ஆட்டையாம்பட்டிக்கு ஒரு மைல் தள்ளி அத்தப்பக் கவுண்டர் என்று ஒரு பெரிய பண்ணையக்காரர். அவருடைய மகள் பாவாயி. மிடுக்காக வாசலில் போய் நிற்கவேண்டும் என்று நினைத்தேன். கார் வாசலைத் தாண்டி, மாடு கட்டும் கட்டுத்தாரைக்குள் புகுந்து, சாணிக் குவியலில் போய்த்தான் நின்றது. அவர்கள் வீட்டு எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அது பிறந்த ஊருக்கே போய்விட்டது. பிறகு ஆள் போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டி வந்தார்களாம்.

கழுத்து வரைக்கும் சாணியோடு நான் எழுந்து நின்றபோது, ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள்தான் பாவாயி. அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அடடா, கட்டினால் இவளைத்தான் கட்டவேண்டும், இல்லையென்றால் காவி கட்டிக்கொண்டு பழனிக்கு நடந்துவிட வேண்டும் என்று அந்தச் சாணியிலேயே முடிவு செய்தேன்.

அத்தப்பக் கவுண்டர் வேறு மாதிரி முடிவு செய்திருந்தார். "ஏனுங்க மச்சான்," என்றார் ஐயனிடம், "பையன் நெம்ப நல்ல பையனாத்தான் தெரியறானுங்க. ஆனா நிக்காத வண்டில வர்றவனுக்கு நான் எப்படீங்க புள்ளையக் குடுக்கறது?"

நான் இடையில் புகுந்தேன். "மாமா, பிரேக்கை மாத்திப்போடறனுங்க. நீங்க சொல்ற எடத்துல நிறுத்திக் காட்டறேன்."

அவர் வாசலுக்கு எதிரே தடத்தோரம் நட்டிருந்த கல்லைக் காட்டினார். "அடுத்த மாசம் நல்ல நாள் பாத்து வாங்க. இந்தக் கல்லுக்கு நேரா வண்டி நிக்கோணும். நின்னுச்சுன்னா அன்னிக்கே உப்புச் சர்க்கரை மாத்திக்கலாம். நிக்குலீன்னா வந்த தடத்துலயே போயிருங்க." உப்புச் சர்க்கரை மாற்றுவது என்றால் எங்கள் பக்கம் நிச்சயம் பண்ணுவது. அதற்குப் பிறகு பேச்சு மாறாது. ஆக, என் மொத்த வாழ்க்கையும் நாலு சக்கரத்தின் பிடிப்பில் வந்து நின்றது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பாயிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் இதற்கு முன் பஸ்ஸுக்குத்தான் பிரேக் வேலை செய்தவர். பந்தயக் காரைப் பார்த்ததும் அவருக்கும் என்னைப் போலவே பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு மாதம் இருவரும் எண்ணெயும் அழுக்குமாகக் கிடந்தோம். முன் சக்கரங்களுக்கும் புதிதாக இரும்பு உருளை வைத்தார். உருளையை வெளியிலிருந்து சுற்றி இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டை, பட்டைக்கு உள்ளே சொரசொரப்பாகப் புது லைனிங். பின் சக்கரங்களுக்கும் அதே மாதிரி. கடைசி நாள் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் மிதித்துப் பார்த்தேன். கார் அடித்துவைத்த ஆணி மாதிரி நின்றது. நான்தான் ஸ்டியரிங்கில் மூக்கை இடித்துக்கொண்டேன். என் மூக்கில் ரத்தம் வந்ததைப் பார்த்து நானும் பாயும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

ஒரே ஒரு குறை. மிதிக்கும்போதெல்லாம் பிரேக் கத்தியது. அதைக் கத்தல் என்று சொன்னால் போதாது. பன்றியை வாலைப் பிடித்துத் தூக்கினால் எப்படியோ அப்படி. "புது லைனிங் தம்பி, கத்தத்தான் செய்யும். ஓட ஓடச் சரியாயிடும்" என்றார் பாய். எனக்கு அது சங்கீதமாகவே கேட்டது.

ஐயனுக்கு அப்படிக் கேட்கவில்லை. குறித்த நாளுக்கு முதல் நாள் நானும் அவரும் மோகனூரிலிருந்து புறப்பட்டோம். நாமக்கல்லில் கத்தினோம். ராசிபுரத்தில் கத்தினோம். ஆட்டையாம்பட்டியில் தெருவோடு பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த நெசவாளர்கள், பாவைப் போட்டது போட்டபடி ஆளுக்கொரு வீட்டுக்குள் ஓடினார்கள். ஐயன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏஞ்சாமி, ஒறம்பரை ஊட்டுக்குப் போற வண்டி இப்பிடியா கத்தும்? சக்கரத்துக்கு எண்ணெய் ஊத்தக்கூட வக்கில்லாத குடும்பம்னு நாலு பேரு நெனைக்க மாட்டாங்களா?" (ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் உறவுக்காரர்கள்.)

"அது அப்படித்தானுங்க கத்தும். ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றேன். கல்லூரிக்குப் போய்வந்த வாய். காரணத்தை விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. (சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

அன்று ஆட்டையாம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை நான் கண்ணாடி முன்னால் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே நடந்தது எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்களில் நல்ல காரியத்துக்குக் கிளம்பும் எந்த வண்டியும் கத்திக்கொண்டு போகாது. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, அச்சுக்கு மசகு போட்டுத்தான் கிளப்புவார்கள். மசகு என்றால் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தது. ஐயன் சித்தி வீட்டு மாட்டுவண்டியிலிருந்து மசகுக் குழாயை அவிழ்த்து வந்தார். எங்கே கத்துகிறது என்று தேடினார். சரியாகவே கண்டுபிடித்தார். நாலு சக்கரத்துப் பட்டைக்குள்ளேயும் விரலை விட்டு, பெற்ற பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிற மாதிரி, ஆசை தீரத் தடவினார்.

புறப்படும்போது அவர் கை கருப்பாக இருந்தது. "கையில என்னங்கய்யா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சாமி. நல்ல காரியத்துக்குப் போறம், சிரிச்ச மொகமா வா" என்றார்.

அந்த ஒரு மைல் தூரத்தில் குறுக்கே ஒரு கோழிகூட வரவில்லை. பிரேக்கை மிதிக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. திருப்பம் தாண்டியதும் அத்தப்பக் கவுண்டரின் வீடு தெரிந்தது. ஊரே தடத்தின் இரண்டு பக்கமும் நின்றது. எருமையை மட்டும் முன்கூட்டியே தோட்டத்துக்கு ஓட்டிவிட்டிருந்தார்கள். கல்லுக்கு நேராக, நடுத்தடத்தில், கயிற்றுக் கட்டிலைப் போட்டு அத்தப்பக் கவுண்டரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நிற்காவிட்டால் என் மேல் ஏறிப் போ என்று அர்த்தம்.

எனக்கு ஒரே குஷி. பாவாயி கதவோரம் நின்றாள். மெதுவாகப் போய் நின்றால் அதில் என்ன பெருமை? வேகமாகப் போய், கட்டிலுக்கு ஒரு முழம் முன்னால் சடக்கென்று நிற்கவேண்டும். வேகத்தைக் கூட்டினேன். சரியான இடத்தில் பிரேக்கை மிதித்தேன்.

சத்தமே இல்லை. நெய்யில் கால் வைத்த மாதிரி இருந்தது.

"பாத்தியா சாமி, இப்பக் கத்துதா?" என்று ஐயன் பெருமையோடு திரும்பினார்.

"என்னங்க பண்ணுனீங்க?"

"மசகு போட்டேன். நாலுக்கும்!"

"ஐயோ, போச்சு!" என்று இரண்டு காலாலும் மிதித்தேன். அந்தக் காலத்துக் காரில் ஆக்சிலரேட்டர் நடுவில் இருக்கும். ஒரு கால் பிரேக்கில், இன்னொரு கால் ஆக்சிலரேட்டர்மேல். முப்பது குதிரையும் ஒரே நேரத்தில் தெறித்து ஓடின. ஐயன் எதிரே இருந்த கைப்பிடியை மூக்கணாங்கயிறு மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஹோ... ஹோ... ஹோ!" என்று காரை அதட்டினார். நான் "மாமா, ஏந்திரிங்க! மாமா!" என்று அலறினேன். அத்தப்பக் கவுண்டர் அசையவே இல்லை. தன் தைரியத்தைத்தான் சோதிக்கிறேன் என்று நினைத்து மீசையை வேறு தடவிக்கொண்டார்.

கட்டில் கண்ணுக்கு முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது. வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைத் திருகினேன். கார் களத்துக்குள் பாய்ந்தது. அங்கே காய்ந்த சோளத்தட்டு ஆளுயரத்துக்கு மேல் போராகக் குவிந்திருந்தது. அதற்குள் புகுந்து, மறுபக்கம் பாதிப் போரை மூக்கில் சுமந்துகொண்டு வெளியே வந்தோம். கண்ணில் தட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. கார் மேலே ஏறுவது மட்டும் தெரிந்தது.

"ஏஞ்சாமி, மேல போறமா?" என்றார் ஐயன். செத்துவிட்டோமா என்றுதான் கேட்கிறார்.

நாங்கள் ஏறிக்கொண்டிருந்தது கவலைக் கிணற்று வாரி. மாடு பூட்டி நீர் இறைக்கும்போது மாடுகள் ஏறி இறங்குவதற்காகப் போட்ட சரிவு. அதன் உச்சியில் கிணறு. தட்டு விலகிய இடுக்கில் ஐயன் கிணற்றைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். என் காலும் பயத்தில் தானாக மேலே வந்துவிட்டது. மேடு ஏறிய இளைப்பில் இன்ஜின் இருமி, நின்றது. கார் கிணற்று விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் மூச்சு வாங்கியது.

"நின்னுருச்சு!" என்றேன் அழுகையும் சிரிப்புமாக.

நிற்கவில்லை. மசகு போட்ட வண்டி சரிவில் நிற்குமா? மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. சத்தம் போடாமல், வழுக்கிக்கொண்டு, வாரியில் இறங்கி, மிச்சமிருந்த போரைக் கலைத்து, களத்தைக் கடந்து, பின்பக்கமாகவே தடத்துக்கு வந்தது. எங்கள் கூத்தைப் பார்ப்பதற்காக அத்தப்பக் கவுண்டர் கட்டிலைக் களத்துப் பக்கம் திருப்பிப் போட்டு, மறுபடியும் சம்மணம் போட்டிருந்தார். காரின் பின்பக்கம் கட்டில் காலைத் தொட்டு, டொக் என்று நின்றது.

அத்தப்பக் கவுண்டரின் மீசையில் ஒரு சோளத்தட்டு தொங்கியது. நான் கீழே இறங்கினேன். தடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது, பழனிக்கு எத்தனை மைல் என்று மனசு கணக்குப் போட்டது.

அப்போது கதவோரம் ஒரு சிரிப்புக் கிளம்பியது. அடக்க முயன்று, தோற்று, வெடித்து, கதவைப் பிடித்துக்கொண்டு மடிந்து மடிந்து வந்த சிரிப்பு.

"என்ன புள்ளே சிரிப்பு?" என்று உறுமினார் அத்தப்பக் கவுண்டர்.

"இல்லீங்கய்யா..." பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்ன எடத்துலயே நின்னுருச்சுங்களே!"

அவர் கல்லைப் பார்த்தார். காரைப் பார்த்தார். இரண்டும் நேராகத்தான் இருந்தன. சொன்ன சொல் மாறாத மனிதர் என்று எட்டு ஊரில் பேர் எடுத்தவர். அந்தப் பேர்தான் என்னைக் காப்பாற்றியது. "மூஞ்சியக் காட்டிட்டுத்தான் நிக்கோணும்னு நான் சொல்லுலியே" என்றார். பிறகு மீசையிலிருந்த தட்டை எடுத்துப் போட்டார். "உப்புச் சர்க்கரைய எடுங்க மச்சான். ஆனா ஒண்ணு, கண்ணாலத்துக்கு மட்டும் மாட்டு வண்டில வந்து சேருங்க."

அப்படியே போனோம். ஆனால் என்னிடம் வாங்கிய திட்டில் கோபித்துக்கொண்டு, இனிமேல் எந்தச் சக்கரத்தையும் தொடமாட்டேன் என்று ஐயன் சபதம் செய்திருந்தார். ஒரு வண்டிக்கும் மசகு இல்லை. கல்யாணக் கூட்டம் மொத்தமும் கிறீச்சிட்டுக்கொண்டே பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வருவதை மேளக்காரர்கள் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கடைசிவரைக்கும் ஐயன் தன் தப்பை ஒத்துக்கொள்ளவே இல்லை. "பிரேக் புடிச்சிருந்தா அத்தப்பன் எறங்கி வந்து லைனிங்கைத்தான் பாத்திருப்பான். புள்ள சிரிச்சிருக்குமா? என்ற மசகுதான் சாமி உன்ற கண்ணாலத்தையே முடிச்சு வெச்சுது" என்பார். இது நியாயமா என்று ஒருநாள் பாவாயியிடம் கேட்டேன்.

"மாமன் மசகும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க," என்றாள். "எங்கய்யன் மேல ஏத்தாம, நீங்க போருக்குள்ள திருப்புனீங்க பாருங்க, அப்பவே எனக்கு முடிஞ்சு போச்சு." இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இதுதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் பேரன் புதுக் கார் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பாவாயி மட்டும் உள்ளே போய்விட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு சக்கரத்தைப் பார்த்து வந்தாள். பேரன் "அமுச்சீ!" என்று பாட்டியைப் பார்த்து அலறிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் படுத்துவிட்டான். பக்கத்திலேயே நானும் படுத்தேன்.