அப்பாவுக்குக் குறை சொல்லப் பழக்கிய கதை

அன்புள்ள வெர்னா அத்தைக்கு,

மாரிட் எழுதுகிறேன். அப்பாவும் நானும் நாற்பத்தொரு மாடுகளும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். ஆனால் இந்த 'நலம்' மூன்று மாதமாக எங்களைப் படுத்திய பாட்டை நினைத்தால் எழுதவே கை வரவில்லை. அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அப்பாவின் விரல் மூட்டுகள் வீங்கியதால்தான் நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பால் கறக்க வந்தேன். (வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டியதில்லை என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு. அப்பாவிடம் சொல்லாதீர்கள்.) டாக்டரம்மா ஓர் ஊசி எழுதிக் கொடுத்தார். இன்சூரன்ஸ் கம்பெனியோ, முதலில் நாங்கள் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுங்கள், அது கேட்கவில்லை என்றால் ஊசியைப் பற்றிப் பேசலாம் என்றது. சாப்பிட்டார். கேட்கவில்லை. பனி விழுவதற்குள் கை சரியாகாவிட்டால் மாடுகளை விற்றுவிடலாம் என்று ஏலக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். இந்த மினசோட்டா குளிரில் நான் ஒருத்தியாக அத்தனை மாட்டையும் பார்க்க முடியாது அல்லவா.

அப்போதுதான் கம்பெனி நர்ஸ் போன் செய்து கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியாதா? குறை சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லை என்றாராம். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, ஊசி தேவையில்லை என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். நம்ம மாநிலத்துல இதுக்குச் சட்டமே இருக்கு ஆர்டன், மாத்திரை கேக்கலைன்னு நான் எழுதினா அவங்க அந்த மாத்திரை விதியிலேர்ந்து விலக்கு கொடுத்து ஊசிக்குச் சம்மதிக்கணும், குறிச்ச நாளுக்குள்ள பதிலும் சொல்லணும், ஆனா நீங்க வாயால நல்லாருக்கேன்னா நான் எந்தச் சட்டத்தைக் காட்டுறது என்றார். அதற்கு அப்பா, "அந்தப் பொண்ணு நாள் பூரா நோயாளிங்ககூடத்தான் பேசுது. நானும் போய் வலின்னு சொல்லணுமா, பாவம்" என்றார்.

டாக்டரம்மா கம்பெனிக்கு மறுபடி எழுதிப் போட்டார். வியாழக்கிழமை நர்ஸ் கூப்பிடுவாள் என்று தகவல் வந்தது. சரி, பழக்கிவிடுவோம் என்று மாட்டுக்கொட்டகையில் நான்தான் நர்ஸாக நின்றேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டால், இதைவிட மோசமா இருக்கிறவங்க எத்தனையோ பேர் என்கிறார். வலிக்குதுன்னு சொல்லுங்கப்பா என்றால், யாருக்குத்தான் வலிக்கலை என்கிறார். நாலாம் நாள், "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, எதையோ திருடிவிட்ட மாதிரி முகம் சிவந்து மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை போன் வந்தது. அப்பா மழையைப் பற்றிச் சொன்னார், அவளுடைய அம்மா நலமா என்று விசாரித்தார், அவள் கையைப் பற்றிக் கேட்டதும் "பரவாயில்லைம்மா" என்றார். பால் லாரிக்காரர் வந்தாலே தொட்டிக்குப் பின்னால் ஒளிகிற நான், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே போனைப் பிடுங்கிவிட்டேன்.

"அவரால சட்டைப் பொத்தான் போட முடியலைங்க. நான்தான் போட்டு விடுறேன். ஷூ லேஸும் நான்தான். காப்பிக் கோப்பையை ரெண்டு கையால பிடிக்கிறாரு."

அந்தப் பக்கம் அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பொத்தான் கொஞ்சம் சின்னது" என்றார்.

நாலே நாளில் ஊசிக்கு அனுமதி வந்துவிட்டது அத்தை. ஒன்றரை மாதமாகப் போடுகிறோம். நேற்று அவரே ஒரு மாட்டுக்குக் கயிறு கட்டினார். ஏலக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கவலையை விட்டு நிம்மதியாக இருங்கள். கடவுள் உங்கள் முழங்காலையும் காப்பாற்றட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள
மாரிட் ஹாகன்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் அந்த நர்ஸ் மறுபடி கூப்பிட்டிருக்கிறாள், ஊசி எப்படி வேலை செய்கிறது என்று கேட்க. நான் கொட்டகையில் இருந்தேன். அப்பா நான் பழக்கியதைக் கொஞ்சமும் மறக்காமல், வலி தாங்கலை, வீக்கம் வத்தலை, ராத்திரி தூக்கமில்லை என்று இருபது நிமிஷம் விளாசியிருக்கிறார். ஊசியும் பலிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு நிறுத்தப் போகிறார்களாம். "இந்தத் தடவை சரியாப் பேசினேனா?" என்று வாசலில் வந்து நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட மனசு வரவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனிக்கு நானே என் செல்போனிலிருந்து பேசப் போகிறேன். அந்த நேரத்தில் நீங்கள் அப்பாவை உங்கள் போனில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.