ஊதுபத்திக்காரரின் விரல்

காற்றைச் சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்த மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். செங்கம் ரோட்டில் ஆர்மோனியம் செய்பவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஊதுபத்திக்காரர் என்றால் ஆட்டோவில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கிவிடுவார்கள்.

பெட்டி தயாரானதும் ஊதுபத்தி ஏற்றி அதன் மூலைமுடுக்கெல்லாம் காட்டுவார். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கே காற்று கசிகிறது. உடனே மொத்தத்தையும் பிரித்துவிடுவார். அதே ரோட்டில் இருக்கும் ஆசிரமத்தில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் இது ஏதோ பூஜை என்று கைகூப்பி நிற்பார்கள். விஷயத்தைச் சொல்லிவிடக் கூடாதா என்று கேட்டேன்.

"கும்புடட்டும்பா. தள்ளி நின்னு கும்புடச் சொல்லு. மூச்சு வுட்டா பொகை ஆடுது."

கீழ்பென்னாத்தூர் பக்கத்து சர்ச்சில் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஆர்மோனியம் ஒன்று உண்டு. அதை வாசிப்பவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மகள் கல்யாணத்துக்குத் தானே வாசிக்க வேண்டுமென்று இவரிடம் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். இவருக்குத் திருப்தி வந்தது கல்யாணத்தன்று காலையில்.

ஏற்றிப் போனது என் குட்டியானை வண்டி. வாத்தியார் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஊதுபத்திக்காரரோ பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பள்ளம் பார்த்துப் போ என்று கத்திக்கொண்டே வந்தார். நான் போன வேகத்தில் ஒரு எருமை எங்களைத் தாண்டிப் போனது. அப்படியும் ஒரு பள்ளத்தில் விட்டுவிட்டேன்.

சர்ச்சில் இறக்கி வைத்தோம். வாசலில் மணப்பெண் காத்திருந்தாள். வாத்தியார் மிதித்தார். எந்தக் கட்டையையும் தொடாமலே ஒரு சுரம் மட்டும் 'ஙொய்' என்று அழுதது. உள்ளே அந்தச் சுரத்தின் ஓட்டையை மூடி வைக்கும் ஸ்பிரிங் தெறித்திருந்தது. மாற்று ஸ்பிரிங் கடையில் இருந்தது. வாத்தியார் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நீங்க வாசிங்க சார். அத்த நான் பாத்துக்கறேன்" என்றார் ஊதுபத்திக்காரர். பின்பலகையைக் கழற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டு, காற்று வரும் அந்த ஓட்டையின் மூடியை விரலால் அமுக்கிக்கொண்டார். வாத்தியார் அந்தக் கட்டையைத் தொட்டால் விரலைத் தளர்த்துவார்; விட்டால் அமுக்குவார். இப்படி மொத்தக் கல்யாணத்தையும் முட்டிபோட்டே நடத்தி முடித்தார்.

எல்லாம் முடிந்து வாத்தியார் கண் கலங்க வந்து அவர் கையைப் பிடித்தார்.

"கைய அப்பறம் புடிங்க சார். கடைசிப் பாட்டுல காத்து கசிஞ்சுது. பெட்டிய நாளைக்கே அனுப்பிடுங்க."

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் கண் மேடைக்குப் போவதில்லை. வாத்தியங்களுக்குப் பின்னால் யாராவது முட்டிபோட்டிருக்கிறாரா என்றுதான் தேடுகிறது. அவருக்கு ஒரு வாய் தண்ணீராவது கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று.