முப்பத்தொரு கையெழுத்தும் ஒரு டம்ளர் தண்டாயும்

நாட்டின் சட்டத்தைத் திருத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றியது ஒரு ஹோலியன்று காலை பதினொரு மணிக்கு, கையில் தண்டாய் டம்ளரோடு. (இரண்டாவது டம்ளர். இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.)

தேஹு ரோடு என்கிற மராட்டிய ஊரில், எங்கள் குடியிருப்பு மைதானத்தில் ஹோலிக்கு ஹோலி ஒரு பெரிய அண்டா நிறைய பாங் கலந்த தண்டாய் இருக்கும். ராணுவ டிப்போவில் வேலை செய்யும் எங்கள் அப்பா, பால்காரர், பக்கத்துப் போலீஸ் சௌக்கியின் சப்-இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று குடிப்பார்கள். அன்று வரிசையில் இல்லாதவர் தினகரன் அண்ணன் மட்டும்தான். எங்கள் மாடி வீட்டுக்காரர், எனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், சாகணில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. இரண்டு வாரம் முன்பு சாலைச் சோதனையில் அவர் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கஞ்சாப் பொட்டலம் அகப்பட்டது. இரண்டு ராத்திரி லாக்கப். கம்பெனி கேட் பாஸைப் பறித்து வேலையை விட்டு நிறுத்திவிட்டது. அதன்பின் மனிதர் கீழேயே இறங்கவில்லை.

பாங்கும் கஞ்சாவும் ஒரே செடிதான். இலையை அரைத்துப் பாலில் கலந்தால் பண்டிகை, பூவை உலர்த்திப் பொட்டலம் கட்டினால் வழக்கு.

அன்று சாயங்காலமே ஆங்கிலத்தில் மூன்று பக்க மனு தயார். சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருந்தவரை அடைத்துப் போடாதீர்கள், பிழைப்பில் கை வைக்காதீர்கள், பழக்கம் முற்றியவரை டாக்டரிடம் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தேன். (இதில் எதையும் இன்றும் மாற்ற மாட்டேன். என்னையே 'இளைய தலைமுறையின் மனசாட்சி' என்று குறிப்பிட்டிருந்த வரியை மட்டும் எரித்துவிடலாம்.)

ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனேன். முதல் கையெழுத்து அப்பா. கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே போட்டார். அடுத்த வீட்டு மாமா, "தண்ணி டேங்கர் விஷயமாம்மா?" என்றார்.

"அதைவிடப் பெரிய விஷயம் மாமா."

பொய் இல்லையே. இஞ்சினியரிங் படித்த பெண் கொண்டுவந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று, மதியத்துக்குள் முப்பத்தொரு பேர் படிக்காமலே போட்டுவிட்டார்கள். எல்லோரும் டிப்போக்காரர்கள். லீவு லெட்டரிலிருந்து கேண்டீன் கூப்பன் வரை கையெழுத்துக்குக் கீழே டிக்கெட் நம்பர், அதாவது ஊழியர் எண், எழுதிப் பழகிய கைகள். என் மனுவிலும் எழுதிவைத்தன. பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தது தெரியுமா?

திங்களன்று அதை டெல்லிக்கு அனுப்பவில்லை. கீழிருந்து தொடங்குவதுதான் முறை என்று சௌக்கியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். (ரயில் நேரத்தை மாற்றச் சொல்லி டிக்கெட் பரிசோதகரிடம் மனு கொடுத்த மாதிரி.)

சப்-இன்ஸ்பெக்டர் முதல் பக்கத் தலைப்பில் கஞ்சா என்பதைப் பார்த்தார். நடுவில் எதையும் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே முப்பத்தொரு பெயர், பெயருக்கு ஒரு நம்பர். நிதானமாக மராத்தியில் கேட்டார்:

"ஹே சகளே கிராயிக் ஆஹேத் கா?"

இவர்கள் எல்லாம் வாடிக்கையாளர்களா என்று.

விளக்கினேன். விளக்க விளக்க மோசமானது. அவை டிப்போ நம்பர்கள் என்று நானே எடுத்துக்கொடுத்தேன். அப்படியானால் பட்டியலை டிப்போவுக்கே அனுப்பி விசாரித்துவிடலாம் என்றார். கஞ்சா மனுவில் முப்பத்தொரு சர்க்கார் ஊழியர்கள். மெமோ வரும், விசாரணை வரும். அப்பா ஓய்வு பெறுவதற்கு இன்னும் இரண்டு வருடம்கூட இல்லை. இளைய தலைமுறையின் மனசாட்சி அப்பாவுக்குப் போன் போட்டு அழுதது.

அப்பா டிபன் டப்பாவோடு வந்து சேர்ந்தார். காகிதத்தை வாங்கி, நின்றபடியே, விரல் வைத்து மூன்று பக்கத்தையும் படித்தார். இருபது நிமிடம். (முப்பத்தொரு பேரில் அதைப் படித்தவர் அவர் ஒருவர்தான்.)

"இன்னாத்துக்கும்மா இதை அன்னிக்கே படிக்கச் சொல்லல?" என்று என்னிடம் கேட்டார். பிறகு சப்-இன்ஸ்பெக்டரிடம் இந்தியில் பணிவாகச் சொன்னார்: ஹோலியன்று நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தோமே சாப், அதுவும் இந்தச் செடிதான் என்று என் பெண் எழுதியிருக்கிறாள். பட்டியல் போவதானால் நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்களேன்.

அது கிண்டலா, நிஜமான சந்தேகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். மனுவை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். மூன்று டீ சொன்னார்.

ராத்திரிக்குள் கதை காலனி முழுக்கப் பரவிவிட்டது. தினகரன் அண்ணன் பல நாளுக்குப் பிறகு கீழே இறங்கி வந்தார்.

"எனக்கு லாக்கப்ல தண்ணியே கேட்டுக் கேட்டுத்தான் குடுத்தான். உனக்கு டீயா?" என்று சிரித்தார். "ரெண்டாம் பக்கத்துல என் கதைய எழுதிக்கிறியாமே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அதே சௌக்கி, அதே சட்டம். எங்களுக்குப் பின்னால் சர்க்கார் வேலையின் டிக்கெட் நம்பர்கள் இருந்தன, காண்ட்ராக்ட்காரரான அவருக்கு ஒன்றும் இல்லை. என் மூன்று பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

அதிலிருந்து காலனியில் நான் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பேனாவை ஒளித்துவைக்கிறார்கள். என் அக்கா கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில், மாப்பிள்ளை கையெழுத்துப் போடும் முன், "முழுசா படிங்க மாப்ளே, எங்க சின்னப் பொண்ணு எழுதினதா இருக்கப்போவுது" என்றார் அப்பா.

வரும் மார்ச்சில் அவர் ஓய்வு பெறுகிறார். புது மனுவைத் தமிழில் எழுதிவிட்டேன், ஒரே பக்கம். தினகரன் அண்ணன் படித்து இரண்டு இடத்தில் அடித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். இந்தமுறை ஒவ்வொரு வாசலிலும் நின்று உரக்கப் படித்துக் காட்டப்போகிறேன். முதல் கையெழுத்து தன்னுடையதுதான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் கை பழக்கத்தில் நம்பர் எழுதப் போவதற்குள் பேனாவைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான்.