பூஜ்யத்துக்குக் கைதட்டியது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே அம்மா சௌக்கியம், முலாம் பட்டறையில் ஏழு தொட்டிகளும் சௌக்கியம், நான் ஏதோ இருக்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பக்கத்திலிருந்து பதிலையே சொல்லி முடித்துவிடுகிறாள்.

முதலில் அந்தக் கைதட்டலுக்கு மன்னிப்பு. உன் ஆய்வைக் கேட்க அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், "பட்டறைக்கு மேலே ஓடையில் ஒரு கல்லுக்கு நாற்பத்திரண்டு நத்தை, பட்டறைக்குக் கீழே பூஜ்யம்" என்று நீ திரையில் காட்டியதும் நான் ஒருவன் மட்டும் எழுந்து நின்று தட்டினேனே, அது கொழுப்பு இல்லையம்மா, பழக்கம். எங்கள் பலகையில் 'இன்று ரிஜெக்ட்: பூஜ்யம்' என்று எழுதினால் எல்லோரும் தட்ட வேண்டும், தட்டாதவனை மேஸ்திரி முறைப்பார். இருபத்தாறு வருஷத்தில் பூஜ்யத்தைப் பார்த்தாலே என் கைகள் தானாகச் சேர்ந்துகொள்கின்றன. பக்கத்து நாற்காலிக்காரர் "உங்க பொண்ணா?" என்று கேட்டார். "தெரிஞ்ச பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

அப்புறம் உன் பேராசிரியர் எங்கள் பட்டறையின் தண்ணீர்ச் சோதனைத் தாள்களை எடுத்து விசிறி மாதிரி ஆட்டினார். "பன்னிரண்டு மாசமும் நிக்கல், குரோமியம், துத்தநாகம் எல்லாம் அரசாங்கம் வச்ச அளவுக்குள்ளதாம்மா இருக்கு. தண்ணி சுத்தம், நத்தை மட்டும் எங்க போச்சு? எண்ணத் தெரியலையா உனக்கு?" என்றார். நீ அந்தத் தாள்களை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாய். பார்த்துவிட்டு, "திரும்ப எண்ணிப் பாக்கறேன் சார்" என்றாய். மாசக் கடைசிக்குள் எண்ணிக்கை திருந்தாவிட்டால் உன் ஆய்வை ஏற்க முடியாது என்று சொன்னவர், சும்மா போயிருக்கலாம், என் பக்கம் திரும்பினார். இருப்பதிலேயே நல்ல சட்டை என்று பட்டறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவன் நான்தானே. "கைதட்டுன பெரியவரே, நீங்க அங்கதான் வேலை பாக்கறீங்க போல. தண்ணி எப்படி?" என்றார். "அளவுக்குள்ளதான் சார்" என்றேன். நத்தைக்குக் குரல் இருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் நானே ஓடையில் இறங்கி, பட்டறைக்குக் கீழே ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். சிவப்புப் புழு நெளிந்தது, வேறொன்றும் இல்லை; வழுக்கி விழுந்ததில் ஒரு ரப்பர் பூட்ஸும் போய்விட்டது. சரி, உன் கணக்கைச் சரிக்கட்டுவோம் என்று மேல்பக்கம் போய், பதினோரு நத்தைகளைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன். வழியில் மேஸ்திரி, "டப்பாவில என்னண்ணே?" என்றார். "நத்தை." "வீட்டுல அவ்வளவு சண்டையா?" என்று கேட்டுவிட்டு, பாவம், அவருடைய டப்பாவை நீட்டினார். நான் பட்டறைக்குக் கீழே பாலத்தடியில் நல்ல கல்லாகப் பார்த்து, புது வாடகை வீட்டில் குடிவைப்பது போலப் பதினொன்றையும் வைத்து, "பயப்படாதீங்க, என் பொண்ணு வந்து எண்ணுவா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போனேன். எல்லாம் கல்லிலிருந்து பிடி விட்டுக் கீழே கிடந்தன. ஓட்டின் மூடியைக் கதவு மாதிரி இறுக்கிச் சாத்தியிருந்தன. நகத்தால் தட்டிப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கிற பாட்டில் மாசத்துக்கு ஒரு நிமிஷம்தான் தண்ணீரைப் பார்க்கிறது, நத்தை மாசம் முழுக்க அதற்குள்ளேயே குடித்தனம் பண்ணுகிறது என்று நீ மேடையில் சொன்னது எனக்கு அங்கேதான் புரிந்தது, ஒற்றை பூட்ஸோடு.

புரிந்து என்ன ஆகப்போகிறது? பட்டறை ஓடத்தான் போகிறது, அதன் கழிவு வாய்க்கால் ஓடையில் விழத்தான் போகிறது. அதனால் அப்பா சொல்வதைக் கேள். வலை கிழிந்திருந்தது, கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், என்று ஏதாவது எழுதிக்கொடுத்து எண்ணிக்கையை மாற்றிவிடு. நத்தைக்காக யாராவது நாலு வருஷப் படிப்பைத் தொலைப்பார்களா? உன்னைத்தான் பைத்தியம் என்பார்கள்.

ஈரக் காலோடு ரொம்ப நேரம் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், நான் நினைத்ததில் பாதி நடந்தால் போதும்.

உன் அப்பா

பின்குறிப்பு: எண்ணிக்கையை மாற்றாதே. அந்தத் தாள்களில் 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தில் இருக்கும் கையெழுத்துச் சுழி, பத்து வருஷம் உன் மதிப்பெண் அட்டையில் நான் போட்ட அதே சுழி. நீ கண்டுபிடித்துவிட்டாய். அதனால்தான் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டு, திரும்ப எண்ணுகிறேன் என்றாய். இந்தக் கடிதத்தை அப்படியே பேராசிரியரிடம் கொடு. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக மேலே 'உன் அப்பா'வுக்கடியில் அதே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் கேட்டபோது தொண்டை வரைக்கும் வந்து, மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டது இதுதான்: "அந்தப் பன்னிரண்டு பாட்டிலையும் நான் வாய்க்கால்ல நிரப்பல சார், நாங்க குடிக்கிற குழாயில நிரப்பினேன்."