அம்பு அண்ணை சண்டையை நிறுத்தும் இடம்

அஜின்கோர்ட் என்ற ஊரில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்று அறுநூறு வருடத்துக்கு மேலாகிறது. அந்தத் தோல்வியால் பிரெஞ்சுக்காரரைவிட அதிகம் அவதிப்பட்டவர்கள், மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்து வேர்ஹவுஸ் ஒன்றில் வேலை செய்யும் நாங்கள்தான். காரணம், அம்பு அண்ணை.

வேலை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. சாப்பாட்டு நேரத்தில் சண்டை நடத்துவார். பாண் ரொட்டித் துண்டுகள் பிரெஞ்சுப் பிரபுக்கள், உருளைக்கிழங்குப் பொரியல் அம்புகள், சிந்திய பருப்புக்கறி சேறு. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார், காதில் பஞ்சை அடைத்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார்.

"இங்கிலீசுக்காரர் பக்கம் வில்லுப் பிடிச்சவை ஆர்? சாதாரண சனம். குதிரையிலை வந்தவை பெரிய இடத்து ஆக்கள். முதல் நாள் மழை, உழுத வயல். அம்பு பட்ட குதிரையள் வெருண்டு திரும்பித் தங்கடை ஆக்களையே மிதிச்சுது. பின்னாலை நடந்து வந்தவை அம்புக்குத் தலையைக் குனிஞ்சு, ஒருத்தரை ஒருத்தர் நெருக்கிச் சேத்துக்கை விழுந்தினம். இரும்புச் சட்டையோடை விழுந்தவன் எழும்பேலுமோ?"

ஏலாது என்று நாங்கள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மழையிலிருந்து மறுபடி தொடங்குவார்.

ஒருமுறை கர்க்லாண்டில் என் மைத்துனர் மகளின் பிறந்தநாளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். புத்தி கெட்ட வேலை. சொக்லேட் கேக்கைப் பார்த்ததும் மனிதருக்கு உழுத வயல் ஞாபகம் வந்துவிட்டது. வில்லாளிகள் குதிரையை மறிக்கக் கூர்த்தடி நட்ட விதத்தைக் காட்டவென்று, மெழுகுதிரிகளைப் பிடுங்கிச் சரித்து நட்டார். பிள்ளை பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறி அழுதது. மைத்துனர் இன்றுவரை எனக்கு முகம் கொடுப்பதில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர். அவரையும் வழிமறித்து, உங்கள் ஆட்கள் தோற்றது அம்பாலா சேற்றாலா என்று கேட்டார். அது பிரான்ஸ்காரரின் தலையிடி, எனக்கு வெளியே லொறி நிற்கிறது என்று அவர் ஓடிவிட்டார். எங்களுக்கு ஓட இடமில்லை.

ஆனாலும் அண்ணையை யாரும் அதட்டுவதில்லை. அவருடைய தம்பி, 2009இல் இலங்கையில் போர் முடிந்த நாட்களில் கையைத் தூக்கிக்கொண்டு இராணுவத்திடம் சரணடையப் போனவன். அவனை ஏற்றிய பஸ்ஸைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பஸ் எங்கே போனது என்று சொல்ல ஒருவருமில்லை. தம்பி வருவான் என்கிறார் அண்ணை. செயின்ட்-மிஷேலில் தான் இருக்கும் சின்ன வீட்டில் அவனுக்கென்று ஓர் அறையைப் பூட்டாமல் வைத்திருக்கிறார். ஒவ்வொரு குளிர்காலமும் அந்த அறைக்கும் ஹீட்டர் போடுகிறார். அவன் வரமாட்டான் என்று எங்களுக்குத் தெரியும். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவுதான் யாருக்கும் இல்லை.

சென்னையிலிருந்து படிக்க வந்து வார இறுதியில் எங்களோடு வேலை செய்யும் சுகன்யாவுக்கு இந்தக் கதை தெரியாது. ஒரு மத்தியானம் சண்டையை முழுதாகக் கேட்டுவிட்டுப் போனில் தேடினாள்.

"அண்ணா, நீங்க பாதியிலயே நிறுத்திட்டீங்க. சரணடைஞ்ச கைதிங்களை இங்கிலாந்து ராஜா கொல்லச் சொன்னாராம். அதைச் செஞ்சதே உங்க வில்லுக்காரங்கதானாம்."

மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். பிந்திவிட்டது. அண்ணை கையிலிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தார். இத்தோடு மனிதர் உடைந்தார் என்று நினைத்தேன்.

"தெரியும் பிள்ளை. எல்லாம் வாசிச்சனான்," என்றார். "கொன்றது உண்மை. ஆனா எல்லாரையும் இல்லை. கொஞ்சப் பேரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சிறையிலை மறிச்சு வைச்சினம். அதிலை ஒருத்தன் இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு உயிரோடை வீட்டை வந்தவன்."

அம்பையும் சேற்றையும் எங்களுக்குத் தந்துவிட்டு, இந்த ஒருவனை மட்டும் இத்தனை காலமும் தனக்கென்று வைத்திருந்திருக்கிறார்.

என்னைப் பார்த்தார். "எங்களுக்கு இன்னும் அவ்வளவு வருசம் ஆகேல்லை, என்ன?"

"இல்லை அண்ணை. இன்னும் ஆகேல்லை," என்றேன்.

எனக்கு நம்பிக்கை துளியும் கிடையாது. ஆனால் அவர் எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.