எரியாத மரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் நலமும், எங்கள் மகள் உங்களைப் படுத்தும் பாடும் அறிய ஆவல். மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. உங்கள் அத்தையோடு அங்கேயே வந்துவிடுகிறேன். அதற்கு முன் கிடங்கிலுள்ள நாற்பது யானைத் தந்தங்களையும் புதிய காப்பாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் என்னை விடமாட்டார்கள்.

தந்தங்களைத்தான் எரித்துவிட்டார்களே, எதை ஒப்படைப்பீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். அரசு ரகசியம், படித்ததும் கிழித்துவிடுங்கள். தந்தத்தை விற்கப்போவதாக அரசு முதலில் அறிவித்தது. ஒரு கூட்டம் அமைச்சர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. சரி, எரித்துவிடுகிறோம் என்றது அரசு. இன்னொரு கூட்டம் பின்வாசலில் உட்கார்ந்தது. வெளியே போக வழியில்லாமல் யோசித்த அமைச்சர், மரத்தில் நாற்பது தந்தம் செய்து எரித்துவிட்டு, அசலை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவருக்குப் புகை, மற்றவருக்குச் சரக்கு. பார்த்துச் செய்ய அசல் வேண்டுமென்று தச்சர் கேட்டதால் முத்திரையிட்ட அறையைத் திறந்தார்கள். வேலை முடிந்ததும், விஷயம் கசியக்கூடாதென்று அவரை வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் இரண்டு குவியல். எது எதுவென்று சொல்ல இருபத்தாறு வருட அனுபவஸ்தன் நான்தான். தினம் இரண்டு வேளை முத்திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை, உள்ளே போனதில்லை. ஆனாலும் நல்ல பொருளைக் கண்டால் தெரியாதா? ஒரு குவியல் பால் வெள்ளை, வழவழப்பு. இன்னொன்று பழுப்பேறி, வெடிப்பு விட்டு, பார்க்கவே கண்றாவி. அரசாங்க வேலைதானே என்று தச்சர் ஏனோதானோவென்று செய்திருக்கிறார். கண்றாவியை லாரியில் ஏற்றச் சொன்னேன்.

"மரமா சார் இது? இந்தக் கனம் கனக்குது?" என்றார் லாரி டிரைவர்.

"அரசாங்க மரம்ப்பா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அமைச்சர் தீ வைத்தார். கேமராக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுக்கிய விறகெல்லாம் சாம்பலானது. இந்த நாற்பது மட்டும் கறுத்துப்போய் அப்படியே கிடந்தது. டீசல் ஊற்றினோம், டயர் போட்டோம். மூன்று நாள் பார்த்துவிட்டு ரோடு ரோலரை ஏற்றி நொறுக்கி, பொடியைக் கடலில் கொட்டினோம். எந்த மரம் மாப்பிள்ளை இப்படி எரியாமல் இருக்கும்? சாப்பிடும்போதுகூட இதே யோசனை. நீங்கள் தாவரவியல் வாத்தியார் ஆயிற்றே, அதனால் ஒரு துண்டை எடுத்து வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்ன மரம் என்று பார்த்து எழுதுங்கள்.

இருவரும் சண்டை குறைந்து, ஆயுள் நிறைந்து வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் புதிய காப்பாளர் வந்துவிட்டார். கூடத்தைத் திறந்து காட்டினேன். முதல் தந்தத்தை ஒற்றைக் கையால் தூக்கினார். அடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தது. "தந்தம்கூட உளுத்துப்போகுமா சார்?" என்று கேட்கிறார். அவரை உட்காரவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் அந்த மரத்தைப் பற்றி எழுத வேண்டாம், எனக்குப் புரிந்துவிட்டது. துண்டை மட்டும் உடனே திருப்பி அனுப்புங்கள். நான் ஒப்படைக்க வேண்டிய சரக்கில் மிச்சம் அதுதான்.