முகத்துவார ஆய்வும் லைட்டவுஸ் பாட்டிலும்

வாசகர்களின் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால், எங்கள் மணல்மேட்டுக்குப்பத்தில் ஏரி இருக்கிறது, கடல் இருக்கிறது, இரண்டும் சேருகிற முகத்துவாரத்தில் மணல் இருக்கிறது.

மன்னிக்கவும். எனக்கு இப்படித்தான் எழுதிப் பழக்கம். எங்கள் ஊர் மீனவர் சங்கத்துக்கு நான்தான் ரைட்டர். அந்த மணலை எடுத்துத் தரும்படி பதினோரு வருஷத்தில் நாற்பத்து நான்கு மனு எழுதியிருக்கிறேன். முகத்துவாரம் தூர்ந்தால் கடல் தண்ணி ஏரிக்குள் வராது, தண்ணி வராவிட்டால் மீன் வராது. படகும் வெளியே போகாது. கண்ணெதிரே கடல் தெரியும், மணலுக்கு மேலே படகைத் தோளால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். போன ஆடியில் அப்படித் தள்ளும்போது அலை அடித்து மோகன்குமாரின் படகு புரண்டது. அவன் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அந்தச் செய்தியையும் நாற்பத்து நான்காவது மனுவில் சேர்த்து அனுப்பினேன். அதற்குத்தான் பதில் வந்தது. ‘முகத்துவாரப் பரிசீலனைப் பிரிவின் துணை இயக்குநர் திரு. தனசேகர் அவர்கள் நேரில் கள ஆய்வு மேற்கொள்வார்.’

ஊரே மகிழ்ச்சி அடைந்தது. கூடவே கவலையும் அடைந்தது.

எங்கள் பக்கம் ஏரியில் யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்தவன் போயே ஆக வேண்டும், மாற்றிக்கொள்ளக் கூடாது. ஏரியில் சண்டை வராமல் காப்பாற்றுகிற இந்த நல்ல வழக்கத்தை நாங்கள் அதிகாரிகளுக்கும் நீட்டித்திருந்தோம். ஆய்வுக்கு வருகிறவரைக் கவனிக்க வேண்டியது யார் என்பதும் பாடுதான். இந்த முறை சீட்டு மோகன்குமார் பேருக்கு விழுந்தது. அவனோ காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். வீட்டைப் பார்த்துக்கொள்வது அவன் அக்கா ராஜாத்தி. பழவேற்காட்டில் மீன் விற்கிறவள்.

அதிகாரியின் டிரைவர் சாம்சன் அனுப்பம்பட்டுக்காரன், நமக்கு வேண்டியவன். முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிட்டான். “சாருக்கு சாதா சரக்கு ஒத்துக்காதுப்பா. ஃபாரின் விஸ்கிதான். அதுக்கு கிளப்புலாம் வெச்சிகினு மோந்து பாத்து மார்க் போடுவாரு.”

ராஜாத்தி தலைவர் துளசிங்கத்திடம் வந்து நின்றாள்.

“ஃபாரினுக்கு நான் எங்க போவேன் தலைவரே? தம்பி படுத்துகினு கீறான். வேற யாருக்காச்சும் மாத்தி வுடு.”

“பாடுன்னா பாடுதாம்மா. இன்னிக்கு இத மாத்துனா நாளைக்கு ஏரிலயும் மாத்தச் சொல்வானுங்க.”

“அந்த பாட்டில் வெலைக்கு ஒரு வலையே வாங்கலாம்னு சொல்றாங்களே!”

“மண்ணு எடுக்கணுமா வாணாமா?”

ராஜாத்திக்கு மண் எடுக்க வேண்டும். கட்டுப் பிரித்ததும் தம்பி மறுபடியும் அதே மணலில்தான் படகு தள்ளப் போகிறான் என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. திரும்பிப் போனாள்.

அவள் வீட்டில் ஒரு பாட்டில் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த எங்கள் ஊர் ஸ்டீபன் என்றைக்கோ கொண்டுவந்து, காலி செய்து, தூக்கிப் போட்டது. கண்ணாடியில் ஒரு கலங்கரை விளக்கம் புடைப்பாக இருக்கும். ஊரில் அதற்கு லைட்டவுஸ் பாட்டில் என்று பேர். அழகாக இருக்கிறதே என்று ராஜாத்தி எடுத்து வைத்து, வியாபாரத்துக்குப் போகும்போது அதில் குடிதண்ணி கொண்டுபோவாள். அதை இப்போது அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கருவாடு காய்கிற பந்தலில் கவிழ்த்துக் காயவைத்தாள். அரசுக் கடையில் அடித்தட்டில் வைத்திருக்கும் ‘தங்கக்குடை’ விஸ்கியை வாங்கி அதில் ஊற்றினாள். தங்கக்குடை எங்கள் ஊர் ஆண்கள் முகத்தைச் சுளித்து, மூக்கைப் பிடித்து, வேறு வழியில்லாமல் தினமும் குடிக்கிற சரக்கு.

தனசேகர் மத்தியானம் வந்தார். காரிலிருந்து இறங்காமலே முகத்துவாரத்தைப் பார்த்து, “ஓ, இதுதானா?” என்றார். கள ஆய்வு முடிந்தது. சங்கக் கட்டடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பாட்டிலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“கடல்காரங்க சார் நாங்க,” என்றார் துளசிங்கம். அது பதில் இல்லை. ஆனால் தனசேகருக்குப் போதுமானதாக இருந்தது.

கிளாஸைச் சுழற்றினார். வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தார். ராஜாத்தி கதவோரம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“முதல்ல ஒரு புகை வருது பாருங்க. ஓக் மரத்தைக் கருக்குன புகை.”

அடுப்புச் சாம்பல், என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

“அதுக்குப் பின்னால லேசா கடல் உப்பு. இது ஸ்காட்லாந்துல தீவு ஓரமா இருக்கற ஊர்ல மட்டும்தான் வரும்.”

கருவாட்டுப் பந்தல்.

“இருபத்தோரு வருஷமாவது இருக்கும். இந்த ஊர்ச் சரக்கெல்லாம் இதுக்குக் கால் தூசு வராது. சும்மா எரிச்சல்தான் இருக்கும். இதுல பாருங்க, எரிச்சலே ஒரு கம்பீரமா இருக்கு.”

வந்துபோகிற அதிகாரிகள் பிறகு ‘நான் வரவே இல்லையே’ என்று சொல்லிவிடுவதால், ஊரில் ஒரு வருகைப் பதிவேடு வைத்திருக்கிறோம். நீட்டினேன். மூன்றாவது கிளாஸின் மகிழ்ச்சியில் அவர் தம் கைப்படவே எழுதினார்: ‘முகத்துவாரம் பார்வையிடப்பட்டது. இவ்வூரில் எனக்கு அளிக்கப்பட்ட ஸ்காட்லாந்து விஸ்கி, நான் இதுவரை அருந்தியவற்றுள் தலைசிறந்தது.’ தேதி, கையெழுத்து, பதவி முத்திரை.

கோப்பு ஒரு மேஜை நகர்ந்தது.

மொத்தம் எட்டு மேஜை என்று சாம்சன் சொன்னான். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு மறு ஆய்வு. மணலின் ஈரம் பற்றி ஒன்று, மணலின் காய்ச்சல் பற்றி ஒன்று. தனசேகர் வாய் சும்மா இருக்குமா? கிளப்பில் சொல்லியிருப்பார். மணலுக்குச் சம்பந்தமே இல்லாத துறைகளும் எங்கள் முகத்துவாரத்தின் மேல் அக்கறை கொண்டன. ஒரு நாள் தோட்டக்கலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முகத்துவாரத்தில் மாமரம் வளருமா என்று பார்த்துவிட்டு, அரை பாட்டில் குடித்துவிட்டு, வளராது என்று எழுதிவிட்டுப் போனார்கள். மணல் மட்டும் போன வருஷத்தைவிட ஒரு முழம் ஏறியிருந்தது.

எனக்கு அதைவிட எரிச்சல் எங்கள் ஆட்கள் செய்த காரியம். ஏமாந்த அதிகாரிகளை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள், ஒரு மாதத்தில் தங்கக்குடையைத் தங்கக்குடை பாட்டிலில் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ராஜாத்தி வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

“அக்கா, இத கொஞ்சம் அந்த பாட்டில்ல ஊத்திக் குடேன்.”

“டேய், அதே சரக்குதானடா!”

“தெரியும்க்கா. ஆனா அதுல ஊத்துனா ஒரு புகை வருது பாரு.”

கூட்டம் தாங்காமல் பாட்டிலுக்கும் பாடு வைக்க வேண்டியதாயிற்று. தலைவர் தமக்கு மட்டும் வாரம் இரண்டு பாடு ஒதுக்கிக்கொண்டார்.

ஐந்தாவது ஆய்வில் தனசேகர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போன தடவையும் இந்த லைட்அவுஸ் உச்சியில இதே கீறல் இருந்துதே?”

“அந்த கம்பெனி பாட்டிலே அப்டிதான் சார் வரும்,” என்றார் துளசிங்கம்.

தனசேகர் சாம்சனைப் பார்த்தார். சாம்சன் கூரையைப் பார்த்தான். மிச்சம் இருந்ததைத் தனசேகர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வணக்கம் சொல்லாமல் காரில் ஏறினார்.

போச்சு, கோப்பைக் கிழித்துப் போட்டுவிடுவார் என்று பயந்தோம். ராஜாத்தி இரண்டு நாள் வியாபாரத்துக்கே போகவில்லை. ஆனால் அடுத்த வாரம் அழைப்பிதழ் வந்தது. ‘பயனாளிகள் கலந்தாய்வுக் கூட்டமும் மதிய விருந்தும்.’ இடம், சென்னையில் ஒரு பெரிய ஓட்டல். போய்வர வேன் உண்டு.

ராஜாத்தியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் போனோம், ஆண்கள் எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையோடு. ராஜாத்தி காலையில் பழவேற்காட்டு ஏலத்தில் மீனைப் போட்டுவிட்டு, கை கழுவி, நேராக வேன் ஏறினாள். குளிரூட்டிய மண்டபம். தனசேகர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வரவேற்றார்.

“இன்னிக்கு உங்களுக்காக ஸ்பெஷலா நார்வேலேருந்து மீன் வரவழைச்சிருக்கோம். மீன்காரங்க நீங்க, சாப்பிட்டுப் பாத்து அபிப்பிராயம் சொல்லணும்.”

பெரிய வெள்ளைத் தட்டில் சின்ன வெள்ளைத் துண்டு வந்தது. தலை இல்லை, தோல் இல்லை, முள் இல்லை. மேலே வெண்ணெய், பக்கத்தில் எலுமிச்சை, ஒரு பச்சை இலை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மீனைக் கண்ணால்தான் தெரிந்துகொள்வோம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் எந்த மடை, எந்தக் காற்று, எத்தனை மணிக்குச் செத்தது என்று சொல்லிவிடுவோம். ஆனால் வலையிலிருந்து நேராகச் சட்டிக்குப் போகிற முழு மீனைத் தவிர வேறு எதையும் நாங்கள் வாழ்நாளில் தின்றதில்லை. தலையில்லாத மீன் எங்களுக்கு முகம் தெரியாத ஆள்.

துளசிங்கம் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

“மீன்னா இது மீனு! இன்னா ருசி! நம்மளுதும் கீதே, ஒரே சேத்து வாடை.”

“குளிர் தண்ணி மீனு தலைவரே. அந்தச் சதையே வேற,” என்றார் இன்னொருவர்.

ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். ‘பரிமாறப்பட்ட மீன் தங்கள் பகுதி மீனைவிட மேலானதா? ஆம் / இல்லை.’ பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் ‘ஆம்’ போட்டுக் கையெழுத்திட்டோம். நான் ரைட்டர் அல்லவா, கூடுதலாக நாலு வரியும் எழுதினேன். ‘இதன் மென்மையும் மணமும் எங்கள் ஏரி மீனில் கனவிலும் காண இயலாதவை.’

கையெழுத்துப் போடாத ஒருத்தி ராஜாத்தி. கை கழுவப் போன இடத்தில் வழி தவறிச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு மீன் தலை இருந்தது. அதன் செவுளில் நீல நைலான் கயிறு கோத்து இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

தலைவர் தட்டில் அதை வைத்தாள்.

“நார்வேக்காரன் என் முடிச்ச எங்க கத்துகினான் தலைவரே?”

மடவை. எங்கள் ஏரி மடவை. அன்று விடியற்காலை அவளே கோத்து ஏலத்தில் போட்ட மடவை. எனக்கு அந்த நாலு வரியும் ஞாபகம் வந்து காது சூடாகிவிட்டது.

தனசேகர் அதற்குள் படிவங்களை அடுக்கிக் கிளிப் போட்டுவிட்டார்.

“பாட்டில் மாத்தத் தெரிஞ்சவங்களுக்குத் தட்டு மாத்தத் தெரியாம போச்சே,” என்றார். “மீனவர்களே தங்கள் பகுதி மீன் தரமில்லைன்னு எழுத்துபூர்வமா ஒத்துக்கிட்டாங்க. தரமில்லாத மீனுக்கு எதுக்கு முகத்துவாரம்? கோப்பை முடிச்சுடலாம்.”

ராஜாத்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“ரைட்டரே, அந்த நோட்ட எடு.”

வருகைப் பதிவேட்டை நான் எங்கே போனாலும் பையில் வைத்திருப்பேன். எடுத்து விரித்தேன். அவள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள். முத்திரை பளிச்சென்று இருந்தது.

“இத உங்க கிளப்புல காட்டிட்டு, தங்கக்குடை பாட்டிலயும் பக்கத்துல வெச்சிட்டு வரட்டா சார்?”

தனசேகர் முகத்தில் இரண்டு நிமிஷம் உயர்மட்டப் பரிசீலனை நடந்தது. முடிவில், இரு தரப்பின் கண்ணியத்தையும் கருத்தில் கொண்டு, பதினோரு படிவங்களும் பதிவேட்டின் ஒரு பக்கமும் ஒரே நேரத்தில் கிழிக்கப்பட்டன. அந்தப் பக்கத்தை ஆதாரமாகக் கொண்டு நகர்ந்திருந்த கோப்பு, ஆதாரம் இல்லாமல் போனதால், முதல் மேஜைக்குத் திரும்பியது. புதிதாகக் கள ஆய்வு செய்ய உத்தரவாயிற்று.

தனசேகரே வந்தார். பாடு மறுபடி மோகன்குமார் வீட்டுக்குத்தான் விழுந்தது. ராஜாத்தி தங்கக்குடையை அதன் சொந்தப் பாட்டிலிலேயே கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

“இனிமே இன்னா சார் வேஷம்? உங்களுக்குப் புடிச்சது இதானே?”

அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“அந்த லைட்அவுஸ் பாட்டில் உடைஞ்சுபோச்சா என்ன?”

அது உடையவில்லை. அன்றைக்குப் பாட்டில் பாடு தலைவருடையது. அவர் தரமாட்டேன் என்றுவிட்டார்.

மோகன்குமாருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. நேற்று நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து அவன் படகை மணலுக்கு மேலே தள்ளிவிட்டோம். அலை வரும்போதெல்லாம் ராஜாத்தி கரையிலிருந்து அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள். அவன் நல்லபடியாகத் திரும்பி வந்தான். அரைக் கூடை மடவை. ராஜாத்தி இப்போது ஊருக்குள்ளேயே விற்கிறாள். தலை, தோல், முள் எல்லாம் எடுத்து, துண்டு போட்டு, எலுமிச்சம்பழம் ஒன்றையும் சேர்த்துத் தருகிறாள். பேர் நார்வே. விலை இரட்டை. பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது.

நானும் நேற்று கால் கிலோ வாங்கினேன். அவள் என் எதிரில்தான் நறுக்கினாள். இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், நம்ம மடவையில் வருகிற அந்தச் சேற்று வாடை இதில் துளியும் இல்லை.